சிவப்பு நாற்காலிகளில் ஞாயிறு மாலை

மலாக்காவில் பாச்சாங்கிலிருந்து பாயா ரும்புட் வரைக்கும் எந்தப் பாலர் பள்ளிச் சுவரில் மஞ்சள் வாத்துகள் வரிசையாகப் போனாலும், அவை அனுசியா வரைந்த வாத்துகளாகத்தான் இருக்கும். வாத்து, யானை, ரயில், சிரிக்கிற சூரியன். இவற்றை அவள் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். பாலர் பள்ளிகள் மனித உருவங்களை வரையக் கேட்பதில்லை. சுவரின் கீழ் மூலையில் வரைந்தவர் பெயர் போட இடமும் விடுவதில்லை; அந்த இடத்தில் பள்ளியின் தொலைபேசி எண் வரும்.

அதனால்தான் பாச்சாங் குளத்துப் பூங்காவின் பம்ப் அறைச் சுவருக்கு ஓவியர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் அவள் அன்றைக்கே விண்ணப்பித்தாள். நீளமான சுவர். ஒரு பேருந்தை அதன் முன்னால் நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கும். தலைப்பு, 'பூங்காவில் ஒரு மாலை'. சுவரின் மூலையில் ஓவியர் பெயர் இருக்கும் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது. விண்ணப்பித்தவர்களில் மூன்று பேரைத் தேர்ந்து, ஆளுக்கொரு வண்ண மாதிரிப் படம் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றில் ஒன்று சுவரேறும். அந்த மூவரில் அனுசியாவும் இருந்தாள்.

அவள் வீட்டு மேசையில் விளக்குப் போட்டு, அளவுகோல் வைத்து, மாதிரிப் படத்தை வரைந்து முடித்தாள். குளம் இருந்தது. குளத்தைச் சுற்றி வளையும் நடைபாதை, தூரம் போகப் போக ஒடுங்கியது. தூங்குமூஞ்சி மரம் குடை விரித்து நின்றது. எல்லாம் அளவு தப்பாமல் வந்திருந்தன. அதைப் பூங்காப் பிரிவு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். வாங்கிப் பார்த்தவன் அய்மன். பூங்காவின் பராமரிப்பைக் கவனிக்கிற இளைஞன். அவனுடைய தமிழ் முஸ்லிம் குடும்பம் மலாக்கா டவுனில் தலைமுறைகளாகத் துணிக்கடை வைத்திருக்கிறது.

"அக்கா, மரம் சூப்பர். குளமும் சூப்பர். ஆனா இவங்கெல்லாம் யாரு?"

"பார்க்குக்கு வர்றவங்க."

"எந்தப் பார்க்குக்கு?" என்றான் அய்மன். "நான் இத்தன வருஷமா இங்க வேல செய்றேன். அழகா குடை புடிச்சிக்கிட்டு தனியா நடக்கிற பொம்பளய ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. இங்க குடை விரிச்சா மழ பேயுதுன்னு அர்த்தம். மழ பேஞ்சா எல்லாரும் காருக்கு ஓடிருவாங்க லா. பெஞ்சுல ஒருத்தர் பேப்பர் படிக்கிறாரு. யாருக்கா இப்பப் பேப்பர் படிக்கிறா?"

அனுசியா தன் படத்தை எட்டிப் பார்த்தாள். குடைப் பெண். செய்தித்தாள் மனிதர். பட்டம் விடும் சிறுமி. பூங்கா என்று சொன்னதும் கை தானாகப் போட்ட ஆட்கள். எங்கோ பார்த்த படங்களிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டவர்கள். தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று தெரிந்த எவரும் அதன் பக்கத்தில் பட்டம் விட மாட்டார்கள்.

"நான் முடிவு பண்றவன் இல்லக்கா. ஃபைல தூக்கிட்டுப் போறவன்" என்றான் அய்மன், குரலைத் தாழ்த்தி. "மத்த ரெண்டு பேரும் குடுத்துட்டாங்க. திங்கக்கிழம காலையில மீட்டிங். மாத்தணும்னா அதுக்குள்ள மாத்திக் குடுங்க. சொல்லணும்னு தோணுச்சி, சொல்லிட்டேன்."

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளை அதிகம் உறுத்தியது. வாத்துகளை வரைந்து வரைந்து, மனிதர்களையும் வாத்துகளைப் போலவே வரைந்திருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பூங்காவுக்குப் போனாள். தினமும் மழை வந்தது. மலாக்கா மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பகல் முழுக்க வெயில் நிலத்தையும் கடலையும் சூடாக்கும். அந்தச் சூட்டில் ஈரக்காற்று மேலே ஏறும். ஏறினது குளிர்ந்து கறுத்து, மக்கள் வேலை முடித்துக் கிளம்புகிற நேரம் பார்த்துத் திரும்பக் கொட்டும். அனுசியா கழிப்பறைக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்று, யார் யார் வருகிறார்கள் என்று கவனித்தாள். மழை விட்டதும் முதலில் வருபவர்கள் ஓட்டக்காரர்கள். அப்புறம் சைக்கிள் பிள்ளைகள். அப்புறம், புல் காய்ந்தாலும் காயாவிட்டாலும், காளியம்மாவின் கூட்டம்.

காளியம்மா பக்கத்து அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். அறுபதைத் தாண்டியவர். புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்; அந்தத் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது பலரோடு டவுனுக்கு வந்தவர். கணவர் சாமிக்கண்ணு அங்கே டிராக்டர் ஓட்டியவர். மகன் வேலைக்குப் போகிறான். மருமகள் உஷாராணியும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் இல்லாத நாளில் அவளும் பூங்காவுக்கு வருவாள். இவர்களோடு அதே தோட்டத்திலிருந்து வந்த அண்டை வீட்டார் சிலர். பெண்கள் மரத்தடியில் பிளாஸ்டிக் பாய் விரித்துச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவார்கள். ஆண்கள் பெஞ்சில். இருட்டும் வரைக்கும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். பேசுவார்கள், பேசாமல் இருப்பார்கள், குளத்தைப் பார்ப்பார்கள். யாருக்கும் எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை.

தனக்கு வேண்டியது இவர்கள்தான் என்று அனுசியாவுக்குப் பட்டது. சனிக்கிழமை அவள் பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நான் ஒரு படம் வரையணும். உங்க எல்லாரையும் வச்சி."

"எங்களயா? எதுக்கு?"

"அந்த பம்ப் ரூம் சுவத்துல போடறதுக்கு. கிடைக்குமான்னு இன்னும் தெரியாது. திங்கக்கிழமதான் முடிவாகும். நாளைக்குச் சாயங்காலம் எப்பவும் வர்ற மாதிரியே வாங்க. அது போதும்."

காளியம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். "அவ்ளோ பெருசாவா?"

"அவ்ளோ பெருசா."

பெஞ்சிலிருந்து சாமிக்கண்ணு கேட்டார். "மூஞ்சி தெரியுமா?"

"நல்லாத் தெரியும் பெரியப்பா."

"அப்பச் சரி" என்றார் சாமிக்கண்ணு. காளியம்மாவும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒரு திட்டம் இருந்தது. அனுசியா அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை வரவில்லை. அவள் சீக்கிரமே வந்து, மரத்துக்குத் தெற்கே மடக்கு மேசையைப் போட்டாள். மிளகாய்ச் சம்பல் கட்டிக் கொடுக்கும் சின்ன மூடி டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் வீட்டிலேயே கலந்து கொண்டுவந்த வண்ணம். வெயில் பட்ட புல் ஒரு டப்பா, நிழலில் உள்ள புல் ஒரு டப்பா. நிழல் கறுப்பு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். சூரியன் எட்டாத இடத்திலும் வானம் எட்டுகிறது. அந்த வெளிச்சம் நீலமாக இருப்பதால் நிழலில் உள்ள புல் நீலம் கலந்துதான் தெரியும்.

முன்கூட்டியே கலந்து வைத்ததற்குக் காரணம், நேரம் இருக்காது என்பது. குளிர்நாடுகளில் சூரியன் சரிவாக நழுவி இறங்கும், அந்தி நீண்டுகொண்டே போகும். மலாக்கா பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் கிணற்றில் போட்ட வாளி மாதிரி நேராக இறங்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, முகத்தின் ஒரு பாதி பொன்னாகவும் மறுபாதி குளிர்ந்தும் தெரிகிற அந்த நேரம், ஒரு கோப்பை தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் போய்விடும். மதிய வெயிலில் மனிதரை வரைந்தால் கண் இருக்கிற இடத்தில் குழிதான் இருக்கும். இந்த ஒரு நேரம்தான் மனிதருக்கு ஏற்ற நேரம். இன்றைக்கு விட்டால் அடுத்த சாயங்காலம் திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்த பிறகுதான் வரும்.

அப்போதுதான் வேன் வந்தது.

அது கோயில் வேன். ஓட்டி வந்தவர் கோயில் கமிட்டியில் இருக்கும் யுவனேஸ்வரன். பின் கதவைத் திறந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தார். வேனுக்குப் பின்னால் கார்கள். கார்களிலிருந்து பட்டுச்சேலைகள் இறங்கின. தீபாவளிக்கு எடுத்த ஜிப்பாக்கள் இறங்கின. காளியம்மா மயில் கழுத்து நிறப் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு வந்தார். அவருக்குப் பின்னால், நேற்று வரைக்கும் நரைத்திருந்த தலையும் மீசையும் தார் ரோடு மாதிரிக் கறுத்திருக்க, சாமிக்கண்ணு வந்தார். மரத்தடியில் வழக்கமாக உட்காருகிறவர்கள் பத்துப் பேருக்குள்தான். இன்று வந்தவர்கள் ஒரு கல்யாணப் பந்திக்குப் போதும்.

"எப்பவும் வர்ற மாதிரி வரச் சொன்னேனே பெரியம்மா" என்றாள் அனுசியா.

"வந்துட்டோமே."

"இவங்கெல்லாம் யாரு?"

"இது என் கொழுந்தனார் குடும்பம், ஜாசின்லேர்ந்து. அது என் நாத்தனார் மக. சுவத்துல ஏத்துறாங்கன்னு சொன்னேன், வராம இருப்பாங்களா?" காளியம்மா குரலை உயர்த்தினார். "யுவனேசு, உயரமானவங்க பின்னாடி. பெரியவங்க நாற்காலில. சின்னப் பிள்ளைங்க முன்னாடி தரையில."

வரிசை தானாக அமைந்தது. யாருக்கும் இடம் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் எடுத்த ஒவ்வொரு கூட்டப்படமும் இப்படித்தான் அமைந்திருக்கும். உட்கார்ந்தவர்கள் கைகளை முழங்காலில் வைத்தார்கள். நின்றவர்கள் வயிற்றை உள்ளிழுத்தார்கள். எல்லோருடைய முகமும் ஒரே நொடியில் இறுகிற்று.

ஓட்ட உடையில் அந்தப் பக்கம் வந்த அய்மன் நின்றுவிட்டான். "அக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான் கருமாதி" என்றாள் அனுசியா.

"பார்க்குல நாற்காலி போடணும்னா பெர்மிட் வேணுமே."

"நீயும் ஒண்ணு எடுத்துப் போட்டு உக்காரு தம்பி, நெறய இருக்கு" என்றார் காளியம்மா, முகத்தின் இறுக்கம் கலையாமல், உதட்டை மட்டும் அசைத்து. அய்மன் சிரித்துவிட்டு, பெர்மிட்டைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அனுசியா காளியம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னாள். "பெரியம்மா, கோவிச்சிக்காதீங்க. இது போட்டோ இல்ல. சாயங்காலம் சும்மா உக்காந்திருப்பீங்களே, எனக்கு அதுதான் வேணும். பாய், செருப்பு, அந்த ஊதா நைட்டி."

"நைட்டியா?" காளியம்மா இப்போது உண்மையாகவே அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஊரே பாக்கிற சுவத்துல நைட்டியோட தரையில உக்காந்து சும்மா இருக்கிறவளா என்னைப் போடப் போறியா? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? வேல வெட்டி இல்லாத கூட்டம்னு சொல்ல மாட்டாங்க?"

"அப்படி இல்ல..."

"உனக்குத் தெரியாது அனு. தோட்டத்துல துரை மாத்தலாகிப் போறப்ப ஆபீஸ் முன்னாடி படம் எடுப்பாங்க. நாற்காலில துரை, அவரு சம்சாரம், கணக்கு எழுதுற கிராணி, அப்புறம் வேல வாங்குற மண்டோர். நாங்க பின்னாடி நிப்போம். எங்கப்பா தலையில பாதிதான் எல்லாப் படத்துலயும் இருக்கும். இன்னிக்கு நாற்காலி எங்களுது. நாங்க உக்காந்திருக்கோம். அப்படியே போடு."

நாற்காலிகளை எடுங்கள் என்று அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? அனுசியா மேசைக்குத் திரும்பினாள். சூரியன் குளத்தின் அந்தக் கரை மரங்களைத் தொடப் போகிற உயரத்தில் இருந்தது. சரி, அவர்கள் கேட்டதை வரைந்து கொடுத்துவிடுவோம், சுவர் கிடைக்காவிட்டால் போகிறது என்று ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். அரைமனதோடு வரையவில்லை. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பார்த்தாள். நின்றவர்களில் யாருடைய தலையும் பாதியாகிவிடக் கூடாது என்று இரண்டு பேரை நகர்ந்து நிற்கச் சொன்னாள். சாமிக்கண்ணுவின் காதோரம் மைச்சாயம் வேர்வையில் கரைந்து ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஆச்சி" என்றாள் கடைசியில். "எல்லாரும் எந்திரிக்கலாம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். இழுத்துப் பிடித்திருந்த வயிறுகள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஆனால் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இவ்வளவு உடுத்திக்கொண்டு வந்து உடனே யார் கிளம்புவார்கள்? உஷாராணி முறுக்கு டப்பாவைத் திறந்தாள். ஆட்கள் நாற்காலிகளைக் காலால் நெட்டித் திருப்பி, மூன்று பேராக, நான்கு பேராக முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். பட்டுச்சேலைகள் கணுக்காலுக்கு மேல் ஏறின. செருப்புகள் புல்லில் கழன்று கிடந்தன. காளியம்மா நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு, கொழுந்தனார் சொன்ன எதற்கோ வாயில் முறுக்கோடு சிரித்தார். சாமிக்கண்ணு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துச் சாய்ந்தார். அய்மன் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில் மறந்திருந்தான்.

அந்த நேரத்தில் மரமும் தன் வேலையைச் செய்தது. தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். ஒவ்வொரு சிற்றிலையின் காம்படியிலும் ஒரு குட்டி வீக்கம் உண்டு. பகலில் அதில் நீர் நிறைந்து இலையை விறைப்பாக விரித்து வைக்கும். வெளிச்சம் குறையக் குறைய அந்த நீர் இடம் மாறும், வீக்கம் தளரும், எதிரெதிர் இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொள்ளும். பகலில் குடையாக இருந்த மரம் சாயங்காலம் சல்லடையாகிவிடும். அந்தச் சல்லடை வழியாகத் தாழ்ந்த சூரியன் உள்ளே வந்து, சிவப்பு நாற்காலிகளின் மேலும் பட்டின் மேலும் விழுந்தது.

அனுசியா புதுத் தாளை எடுத்தாள்.

பென்சில் போடவில்லை. நேராகத் தூரிகை. முதலில் பெரிய திட்டுகள்: வெயில் புல், நிழல் புல், குளம். அதன் மேல் நாற்காலிகள். அவற்றின் சிவப்புக்கென்று அவள் எதையும் கலந்து கொண்டுவரவில்லை. பாலர் பள்ளி ரயிலுக்குப் போடும் சிவப்பு பையின் அடியில் இருந்தது; அதையே பிதுக்கினாள். அடுத்து பட்டு. இங்கேதான் கை ஒரு கணம் நின்றது. மயில் கழுத்துப் பட்டில் நீளவாக்கில் ஓடும் நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் நூல் வேறு நிறம்; ஒன்று நீலம், ஒன்று பச்சை. மடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து நூல்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் டப்பாவில் கலந்தால் குளத்துப் பாசிதான் கிடைக்கும். அவள் கலக்கவில்லை. நீலத்தைக் கோடு கோடாக வைத்தாள், இடைவெளி விட்டாள், இடைவெளியில் பச்சையை வைத்தாள், ஓரத்தில் ஒரு சொட்டு ஆரஞ்சு. தள்ளி நின்று பார்த்தபோது சேலை அசைந்தது.

வாத்து வரைந்த கை இவ்வளவு வேகமாகப் போகும் என்று அவளுக்கே தெரியாது. மடக்கிய கால். கோத்த கைகள். கையில் ஷூ. சூரியன் மரக்கூட்டத்துக்குப் பின்னால் விழுந்து புல் முழுக்க ஒரே நிறமானபோது, அவள் கடைசியாகக் கழன்று கிடந்த செருப்புகளைப் போட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவினாள். பார்க்காமலே தெரிந்தது. இதுவரை அவள் வரைந்தவற்றில் இதுதான் நல்லது.

ஆனால் அவர்கள் கேட்ட படம் இது இல்லை. கேட்காமல் அனுப்பவும் அவளுக்கு மனமில்லை. பூங்கா விளக்குகள் எரிந்ததும் இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பெரியம்மா, வந்து பாருங்க" என்றாள்.

முதல் படத்தைப் பார்த்துக் கூட்டம் திருப்தியோடு முனகியது. அவரவர் தலையை அவரவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு இரண்டாவது படத்தின் மேல் குனிந்தார்கள்.

"அத்தே, வாயில முறுக்கோட இருக்கீங்க" என்றாள் உஷாராணி.

காளியம்மா பார்த்தார். "காலத் தூக்கிப் போட்டிருக்கேனே. இது எப்ப எடுத்த?"

"நீங்க எந்திரிக்கலாம்னு சொன்னேன்ல, அதுக்கப்புறம்."

"சொல்லியிருந்தா ஒழுங்கா உக்காந்திருப்பேன்ல. இத எடுத்து வச்சிட்டு மொத படத்தக் குடு."

"பெரியம்மா, எனக்கு ரெண்டாவதுதான் குடுக்கணும்னு இருக்கு. மொத படத்துக்குச் சுவர் கிடைக்கும்னு தோணல. ஆனா உங்களுக்குப் பிடிக்கலன்னா இத யாருக்கும் காட்ட மாட்டேன்." நாளைக் காலையில் எதைக் கொடுப்பது என்பது இப்போது காளியம்மாவின் கையில் இருந்தது.

சாமிக்கண்ணு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். டிராக்டர் எஞ்சினில் எங்கே சத்தம் வருகிறது என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"இங்க பாரு காளி. மொத படத்துல நாற்காலி நம்மளுதுதான். ஆனா எப்படி உக்காந்திருக்கோம்? யாராவது வந்து எந்திரின்னு சொன்னா எந்திரிச்சிருவோம், அப்படி உக்காந்திருக்கோம்." விரலை இரண்டாவது படத்துக்கு நகர்த்தினார். "இதுல பாரு. துரையே வந்து சொன்னாலும் எந்திரிக்க மாட்ட."

யாரோ சிரித்தார்கள். காளியம்மா சிரிக்கவில்லை. மேசையின் மேல் குனிந்தார். மடக்கிய காலைப் பார்த்தார். மடியில் மல்லாந்து கிடந்த தன் இடது கையைப் பார்த்தார். அது எதையும் பிடித்திருக்கவில்லை, எதையும் ஆயவில்லை, தேய்க்கவில்லை. வண்ணத்தின் மேல் தொடாமல் விரலை ஓட்டினார்.

"எந்திரிக்க மாட்டேன்தான்" என்றார்.

நிமிர்ந்தார். "குடு. இதயே குடு. முறுக்க மட்டும் எடுத்துடு."

"முறுக்கு இருக்கட்டும் பெரியம்மா. அதாலதான் அந்தச் சிரிப்பே நெசமா இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். மொத படம் கோயில் ஹாலுக்கு. யுவனேசு, கண்ணாடி போட்டு மாட்டிடு."

அய்மன் தன்னையும் படத்தில் கண்டுபிடித்திருந்தான். "அக்கா, மீட்டிங்ல யாராவது கேட்டா அது நான் இல்ல" என்றான். "ஆனா ஷூ என்னோடதுதான், நல்லா வந்திருக்கு."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவன் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். ஒருவர், பூங்காவில் பிளாஸ்டிக் நாற்காலியா என்று கேட்டாராம். இன்னொருவர், ஆமாம், என் அம்மாவும் இப்படித்தான் உட்காருவார் என்றாராம். அதற்குப் பிறகு மற்ற இரண்டு படங்களையும் மரியாதைக்காகப் பார்த்தார்களாம்.

சின்னத் தாளில் உள்ளதைப் பெரிய சுவருக்கு ஏற்றுவது பார்ப்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும், உண்மையில் பொறுமைதான். தாளின் மேல் சமமான கட்டங்கள் போட வேண்டும். சுவரிலும் அதே எண்ணிக்கையில், அளவில் பெரிதாகக் கட்டங்கள் போட வேண்டும். பிறகு காளியம்மாவை மறந்துவிட்டு, ஒரு கட்டத்துக்குள் ஒரு கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அருகில் நின்றால் நீலமும் பச்சையும் கோடுகளாகத்தான் தெரியும். நடைபாதைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் காளியம்மா காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு லாரி உயரத்துக்குச் சிரிப்பார். அனுசியா ஒரு நாளில் பல தடவை நடைபாதைக்குப் போய்ப் பார்த்தாள். சில தடவை தேவையே இல்லாமல் போய்ப் பார்த்தாள். கீழ் மூலையில் தன் பெயரை எழுதியபோது, அதை மட்டும் கட்டம் போடாமல் எழுதினாள்.

சாரக்கட்டைப் பிரித்த சாயங்காலம், காளியம்மா வழக்கம்போல் வந்தார். பாய், ஊதா நைட்டி, கழற்றிப் போட்ட செருப்பு. சுவருக்கு நேர் எதிரே மரத்தடியில் உட்கார்ந்தார். அனுசியா அவர் பக்கத்தில் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண் மூச்சு வாங்க நின்று, சுவரைப் பார்த்து, கீழே பார்த்து, மறுபடி சுவரைப் பார்த்து, 'மாச்சிக்' என்று அத்தை முறை சொல்லிக் கூப்பிட்டு, அது யார் என்று மலாயில் கேட்டாள்.

காளியம்மா அவசரப்படவில்லை. கால் மேல் இருந்த ஓர் இலையைத் தட்டிவிட்டார்.

"சாயாலா" என்றார். நான்தான். பிறகு, அந்த மயில் கழுத்துப் பட்டுக்காரி சுவரில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதும் இந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியவராக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னார்.

"தெங்ஙா ரேஹாட்." ஓய்வில் இருக்கிறேன்.